காட்டுப்பள்ளிக் கரையில் சுவர் ஓதம்

காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும். வடக்கே பழவேற்காடு ஏரி. நடுவில் கிடப்பது மணல் திட்டு. மணலில் இறங்கும் மழைநீர் மேலே நன்னீராக நிற்கும், அடியில் உப்புநீர். இங்கே எழும்பும் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கூரை வழியே மழையை வாங்கும். கடற்காற்றின் ஈரத்தையும் இழுக்கும். சுவரின் ஓதத்துக்கு இவற்றில் எது காரணம் என்று பிரித்தறிவது இந்தக் கரையின் கட்டட வேலையில் பழைய சிக்கல்.

குப்பங்களில் அந்தச் சிக்கல் நெடுங்காலம் எழவில்லை. பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்த குடிசை நனைந்தால் காயும், மட்கினால் மாற்றிக் கட்டுவார்கள். அங்கே தீக்குத்தான் பயம். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டடங்கள் பழவேற்காட்டில் பெருகின. டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை அங்கே 1613-இல் எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் அதுவே. இந்தக் கரையில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்துச் சாந்தாக்கினார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. 1878-இல் பக்கிங்காம் என்று பெயர் பெற்ற கால்வாயில் விறகும் கிளிஞ்சலும் படகேறிச் சென்னைக்குப் போயின.

கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைத் தடுத்து நிறுத்தவில்லை, வெளியே விட்டது. தரையிலிருந்து ஏறிய நீர் பூச்சின் நுண்துளைகள் வழியே ஆவியாகும். கூட வந்த உப்பு பூச்சிலேயே தங்கிப் பொரியும். பூச்சு உதிரும், செங்கல் பிழைக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும் மார்கழியில், பொங்கலை ஒட்டி நடந்த வெள்ளையடிப்பும் வெறும் அழகுக்கானதல்ல. சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் வளராது. பண்டிகையோடு சேர்ந்துபோனதால் இந்தப் பராமரிப்பு யாரும் நினைவூட்டாமலே ஆண்டுதோறும் நடந்தது.

கூரையில் மெட்ராஸ் டெரஸ். மர உத்திரத்தின் மேல் சின்னச் செங்கலைக் குத்துவாட்டில் மூலைவாக்காக அடுக்கி, செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் நாட்கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். அது ஒழுகினால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில்தான் கொத்தனார் முதலில் விரிசல் தேடுவார்.

சிமெண்டு வந்து கணக்கை மாற்றியது. கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்டு தயாரிக்கும் முயற்சி சென்னையிலேயே 1904-இல் நடந்து, நிலைக்காமல் போனது. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் வேரூன்றியது. பின்னர் காளவாய்கள் அணைந்தன, கடற்கரைக் கிராமங்களிலும் சிமெண்டுப் பூச்சு ஏறியது. ஈரத்தை வெளியே விடாத அந்தப் பூச்சுக்குப் பின்னால் ஓதம் இன்னும் மேலே ஏறியது. பழைய வீட்டின் சுண்ணாம்புக் காறையைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசியது பல இடங்களில் நோயை மூடி மறைத்த வைத்தியம்தான்.

இதே காலத்தில் நீரும் கெட்டது. சென்னையின் தேவைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் குழாய்க் கிணறுகள் இறங்கின. நிலத்தடி நீர் வற்ற வற்ற, மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே நகர்ந்தது. காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. ஆனால் வீடு கட்டுபவர் கலவைக்கு ஊற்றுவது பெரும்பாலும் பக்கத்துப் போர் தண்ணீரைத்தான். இப்படியாக உப்பு தரையிலிருந்து ஏற வேண்டிய அவசியமே இல்லாமல், கட்டும்போதே சுவருக்குள் போய்விட்டது.

அதனால்தான் மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் சுவர் கசிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். அத்தகைய சுவரில் வெள்ளைப் பொருக்கு இருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும், பூசணம் குறைவாக இருக்கும். தரை ஓதம் பேஸ்மட்டத்துக்கு மேல் இடுப்பளவில் ஒரு கறைக்கோட்டோடு நிற்கும். மழை பெய்த மறுநாள் விரியும் கறை கூரையிலிருந்தோ வெளிச்சுவர் விரிசலிலிருந்தோ வருவது. பீரோவுக்குப் பின்னால், காற்றுப் புகாத மூலையில், கறுப்புப் புள்ளியாகப் படரும் பூசணத்துக்கு அறைக்குள் தங்கிய நீராவியே காரணம். ஐயம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஓரிரு நாள் விட்டால் போதும். உட்பக்கம் வேர்த்தால் ஈரம் சுவரினுடையது, வெளிப்பக்கம் வேர்த்தால் அறையினுடையது.

2004 சுனாமிக்குப் பின் கரையோரம் பெருகிய கான்கிரீட் வீடுகளில் உப்பின் வேலை இன்னும் ஆபத்தானது. கம்பி துருப்பிடித்துப் பருக்க, தளத்தின் அடிக்காறை பாளம் பாளமாக விழும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 (2000) தர விதி அனுமதிக்கும் குளோரைடு, கலவை நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம். கடல்நீரில் அது ஏறத்தாழ 19,000. இந்தக் கரையில் வீடு கட்டுபவர்கள் பெயிண்டுக்கும் நீர்த்தடுப்புப் பூச்சுக்கும் செலவழிக்கும் முன், போர் தண்ணீரை ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.