ட்ராக் டே போறீங்களா? ஆக்ஸிலரேட்டரை விடுங்க, முதல்ல பிரேக்கைப் பாருங்க!

ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆர் ஓரம் டீ குடிக்க நின்றால் தெரியும். வரிசையாக கார்கள் சீறிக்கொண்டு போகும். குறுக்கே ஒரு நாயோ, ராங் ரூட்டில் ஒரு ஆட்டோவோ வந்தால் கதை முடிந்தது. வேகமாக ஓட்டணும்கிற ஆசை தப்பில்லை பாஸ், ஓட்டுற இடம்தான் தப்பு. அந்த ஆசைக்கான சரியான இடம்தான் ட்ராக் டே.

ட்ராக் டேன்னா என்ன?

இது ரேஸ் இல்லை. கார் கிளப்கள் ஒரு ரேஸ் ட்ராக்கை நாள் வாடகைக்கு எடுக்கும். உறுப்பினர்கள் கட்டணம் கட்டி, சொந்தக் காரையே ஓட்டலாம். பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. புதியவர்கள், அனுபவசாலிகள் எனக் குழு பிரித்து, ஒவ்வொரு குழுவையும் சில நிமிடங்களுக்கு உள்ளே விடுவார்கள். பொதுவாக நேர்ப் பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டி வழிவிட்டால்தான் ஓவர்டேக்.

எங்கே இருக்கு?

சென்னைக்காரர்களுக்கு பெங்களூரு ஹைவேயில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாக்கிய இந்த ட்ராக் 3.7 கி.மீ நீளம், 12 வளைவுகள். அதற்கு முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடந்தது. கோவைக்காரர்களுக்கு செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே.

பிரேக் ஏன் முக்கியம்?

சின்ன கணக்குதான். வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 60-ல் இருந்து நிற்பதும் 120-ல் இருந்து நிற்பதும் ஒன்றல்ல. ட்ராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்வீர்கள். அத்தனையும் சூடாக மாறும்.

பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கணும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது! அதனால் போவதற்கு முன் ஆயிலை மாற்றுங்கள், பேடு தடிமனைப் பாருங்கள்.

கிளம்பும் முன்...

* காருக்குள் கிடக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிடுங்கள். உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டினால் ஆபத்து.
* டயர் தேய்மானம், காற்று, வீல் நட்டுகளைச் சரிபாருங்கள்.
* ஹெல்மெட், முழுக்கை காட்டன் சட்டை, மெல்லிய அடிப்பாக ஷூ. செருப்புக்கு நோ!
* இன்ஷூரன்ஸ் பாலிசியைப் படியுங்கள். சாதாரண கார் பாலிசிகள் ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றை விலக்கியே வைத்திருக்கும். சுவரில் இடித்தால் பணம் உங்கள் பாக்கெட்டில் இருந்துதான்.

கொடி பார்த்து ஓட்டுங்க

மஞ்சள்: முன்னால் ஆபத்து, வேகம் குறை, ஓவர்டேக் கூடாது. நீலம்: பின்னால் வேகமான கார் வருகிறது. சிவப்பு: செஷன் நிறுத்தம், மெதுவாக பிட்டுக்குத் திரும்பு. கறுப்பு உங்களுக்குக் காட்டப்பட்டால், உடனே பிட்டுக்கு வா. கறுப்பு வெள்ளைக் கட்டம்: செஷன் முடிந்தது.

முதல் சில சுற்றுகள்

வேகம் காட்டாதீர்கள். நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்து, வெளி ஓரத்தில் இருந்து வளைவின் உள் முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வாருங்கள். இந்த லைன் பிடிபட்டால் வேகம் தானாக வரும். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வண்டியைக் குளிர வையுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

முக்கியமான கட்டம் வீடு திரும்பும்போதுதான். ட்ராக்கில் பறந்த மூளைக்கு, ஹைவேயில் 80-ல் போவதே ஊர்ந்து போகிற மாதிரி இருக்கும். கால் தானாக அழுத்தும். அதனால் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரு டீ குடிச்சுட்டு கிளம்புங்க. ரோட்டில் கொடி காட்ட ஆள் கிடையாது!