குடலுக்குள் ஒரு குற்றவாளி – 6: வீடு மாறிய எலிகள்

சென்ற வாரம் ஒரு மரபணுவைக் கூண்டில் ஏற்றிவிட்டு விடைபெற்றோம். ‘ஏடிஜி16எல்1’ என்ற அந்த மரபணுவில் ஓரெழுத்து மாறியிருந்தால் குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2007-இல் அறிவித்தார்கள். வழக்கு முடிந்த மாதிரிதான் தெரிந்தது. ஆனால் கணக்கு உதைத்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த மாறிய எழுத்தோடுதான் நடமாடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குரோன்ஸ் வருவதே இல்லை. குற்றவாளி இவன்தான் என்றால், இத்தனை பேரை ஏன் விட்டுவைத்தான்?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு வாருங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வைரஸ் நிபுணர் ஹெர்பர்ட் வர்ஜின், நோய்க்கூறியல் நிபுணர் தாடியஸ் ஸ்டாப்பன்பெக், இளம் ஆய்வாளர் கென் கேட்வெல் ஆகியோர் அந்த மரபணுவின் வேலையைக் குறைத்து எலிகளை உருவாக்கியிருந்தார்கள். அவர்கள் கண் வைத்தது பேனத் செல்கள் மீது. சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளுக்கு இடையே குழிகள் உண்டு. குழிகளின் அடியில் உட்கார்ந்திருப்பவை இவை. பெயர் வந்தது வியன்னாவின் யோசப் பேனத் வழியாக. ஃபிராய்டின் நண்பர், 32 வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லின் ஒரு முனையில் செக்கச்செவேல் என்று குருணைகள் நெருக்கியடித்து நிற்கும். பாக்டீரியாவைக் கொல்லும் லைசோசைம் போன்ற புரதங்களின் கிடங்கு அது.

அந்த எலிகளில் கிடங்கு குலைந்து கிடந்தது. குருணைகள் ஒழுங்கிழந்து, லைசோசைம் செல்லுக்குள் கண்டபடி பரவியிருந்தது. அதே மரபணு மாற்றம் இருந்த குரோன்ஸ் நோயாளிகளின் திசுவிலும் அதே குலைவு. 2008-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. மரபணு மீதான குற்றச்சாட்டு இன்னும் வலுத்தது.

அதன்பிறகு எலிகள் வீடு மாறின.

புதிய எலிக்கூடம் இன்னும் கண்டிப்பானது. பழைய எலிகளைக் கூண்டோடு தூக்கிப்போய் அங்கே வைக்க முடியாது. கருவை எடுத்துத் தூய்மையான வாடகைத் தாய் எலியின் வயிற்றில் வைத்து, அங்கே பிறக்கும் குட்டிகளைத்தான் சேர்ப்பார்கள். குட்டிகளிடம் அதே மரபணு, அதே குறை. ஆனால் பேனத் செல்கள் மட்டும் கச்சிதமாக இருந்தன! குருணைகள் வரிசை குலையாமல் நின்றன.

என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் மிகச் சிறந்த கட்டம் இதுதான். ‘சோதனை சொதப்பிவிட்டது’ என்று மூடிவைத்திருக்கலாம். அவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: பழைய வீட்டில் விட்டுவந்தது எது?

விடை சொந்தக் கூடத்திலேயே இருந்தது. 1968-இல் ஓஹியோவின் நார்வாக் நகரப் பள்ளியில் பிள்ளைகளை வாந்தியெடுக்க வைத்த நோரோவைரஸின் எலி வகையை, 2003-இல் வர்ஜின் குழுதான் கண்டுபிடித்திருந்தது. பல நாட்டு எலிக்கூடங்களில் அது சத்தமில்லாமல் குடியிருந்தது. ஆரோக்கியமான எலியை ஒன்றும் செய்யாததால் யாரும் தேடவும் இல்லை. குடலில் நெடுநாள் தங்கும் ‘சிஆர்6’ என்ற ரகத்தைப் புதிய குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் பேனத் செல்கள் குலைந்தன. மரபணுக் குறை இல்லாத எலிகளிடம் அதே வைரஸின் பாச்சா பலிக்கவில்லை. விரைவில் மறைந்துவிடும் வேறொரு ரகத்தாலும் எதுவும் நடக்கவில்லை.

அடுத்து, குடலைப் புண்ணாக்கும் ரசாயனம் ஒன்றைக் குடிநீரில் கலந்தார்கள். குறையும் வைரஸும் சேர்ந்திருந்த எலிகளில் குடலுறிஞ்சிகள் சுருங்கின, தசைச் சுவர் தடித்தது. குரோன்ஸின் சாயல் அப்படியே தெரிந்தது. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தபோது சேதம் அடங்கியது. அமெரிக்காவில் 1998 முதல் குரோன்ஸ் நோயாளிகளுக்குத் தரப்படும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தும் அதே புரதத்தைத்தான் கட்டிப்போடுகிறது. இவை ‘செல்’ இதழில் 2010-இல் வெளியாயின. ஒன்றை மறந்துவிட வேண்டாம், இது எலிகளின் வழக்கு. மனிதருக்குக் குரோன்ஸைக் கொண்டுவருவது நோரோவைரஸ்தான் என்று இதைவைத்துத் தீர்ப்பெழுத முடியாது.

அதே கட்டுரையில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தபோது குடலுறிஞ்சிகள் தப்பித்தன. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது (காய்ச்சல் என்றதும் மருந்துக்கடைக்கு ஓடுபவர்கள் கவனிக்க!). அப்படியானால் குடல் பாக்டீரியாவும் இதில் கூட்டு.

சரி, பாக்டீரியாவே இல்லாத குடலில் இந்த வைரஸ் தனியாக நுழைந்தால்? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் தொடங்கிய கேட்வெல், எலிசபெத் கெர்ன்பவர் முதலானோருடன் சேர்ந்து அதையும் பார்த்துவிட்டார். பாக்டீரியா அண்டாமல் வளர்ந்த எலியின் குடல் ஏற்கெனவே நோஞ்சான். குடலுறிஞ்சிகள் மெலிந்திருக்கும், நோயெதிர்ப்பு செல்களும் குறைவு. அந்தக் குடலுக்குள் நோரோவைரஸை ஏவினார்கள். 2014-இல் முடிவு வந்தது.

இருந்ததும் நாசமாகியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

(தொடரும்)