கத்தியின்றிக் கண்ட குடல்

மனித உடலின் உட்புறத்தைக் கத்தியின்றிக் காண வேண்டும் என்ற ஆவல் மருத்துவருக்கு நெடுநாளாய் இருந்தது. பெருங்குடலின் திறத்தில் அந்த ஆவல் படிப்படியாக நிறைவேறிய வரலாற்றை மாணவ நண்பர்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

பெருங்குடலைக் காண இத்துணை முயற்சி ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள அவ்வுறுப்பின் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை வளர்ச்சிகள் தோன்றும். பெரும்பாலும் வலி இராது, அறிகுறியும் இராது. அவற்றுட் சில, பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும். முன்னரே கண்டு அகற்றினால் அந்நோயைத் தடுத்துவிடலாம்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். எலும்பு அக்கதிர்களைத் தடுத்து நிழல் தந்தது. மென்மையான குடலோ தெளிவாகப் புலப்படவில்லை. ஆகவே, கதிர்களைத் தடுக்கும் பேரியக் குழம்பைக் குடலினுள் செலுத்திப் படமெடுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஆயினும் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கண்ணை மயக்கின.

இக்குறையை நீக்கியவர் ஆங்கிலப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு. பல கோணங்களிலிருந்து கதிர்களைச் செலுத்தி, கிடைத்த அளவுகளைக் கணிப்பொறியால் ஆராய்ந்து, உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அவர் அமைத்தார். இதுவே சி.டி. ஸ்கேன். 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக இவ்வாறு படமாயிற்று. 1979இல் ஆலன் கார்மக்குடன் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1994இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் வைனிங், அத்தகைய படங்களைக் கணிப்பொறியால் ஒன்றாக இணைத்து, குடலுக்குள்ளே பயணம் செய்வது போன்ற காட்சியைத் திரையில் காட்டினார். அதனை வெர்ச்சுவல் கொலனோஸ்கோபி என்பர். குடலைத் தூய்மை செய்தபின், ஆசனவாயில் சிறு குழாய் வைத்துக் கரியமில வாயுவால் குடலை விரியச் செய்வர். பின்னர் மல்லாந்தும் குப்புறவும் படுக்கவைத்துப் படமெடுப்பர். பொதுவாக மயக்க மருந்து வேண்டுவதில்லை. 2003இல் வெளியான ஆய்வொன்றில் 1,233 பேர் இச்சோதனையையும், நெடுங்குழாயைச் செலுத்தி நேரே நோக்கும் கொலனோஸ்கோபியையும் ஒரே நாளில் செய்துகொண்டனர். பெரிய கட்டிகளைக் காண்பதில் புதுமுறை பழைய முறைக்குப் பின்தங்கவில்லை.

ஆனால் புதியது வந்ததும் பழையது வீணாயிற்று என்று எண்ணுதல் தவறு. இச்சோதனையில் சிறிதளவு கதிர்வீச்சு உண்டு. மிகச் சிறியனவும் தட்டையானவும் தப்பக்கூடும். மேலும், படம் கட்டியைக் காட்டுமேயன்றி அகற்றாது. அகற்றுவதற்கு அந்த நெடுங்குழாயே வேண்டும். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்ப, இரண்டும் சேர்ந்தே உயிரைக் காக்கின்றன என்பதே இவ்வரலாற்றில் நான் காணும் உண்மை.