பந்தயத் திடலில் ஒரு கல்லறை

மொரீஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயியில் ஷான் தெ மார்ஸ் என்றொரு மைதானம் உண்டு. தென்பாதிப் பூகோளத்திலேயே மிகப் பழைய குதிரைப் பந்தயத் திடல் அதுதான் என்கிறார்கள். நான் போன அன்று பந்தயம் இல்லை. இருந்திருந்தாலும் என்ன? தோல் பதனிடும் ஊர்களில் வளர்ந்தவன் கண் குதிரையை விட்டுச் சேணத்தின் மேல்தான் போகும்!

பிரெஞ்சுக்காரர்கள் பட்டாளத்துக்குக் கவாத்துப் பழக்கிய மைதானம் அது. 1810-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். பகைத்து நின்ற பிரெஞ்சுக் குடிகளோடு உறவு கொண்டாட ஒரு வழி வேண்டியிருந்தது. கர்னல் டிரேப்பர் குதிரைகளைக் கொண்டு அந்த வழியைக் கண்டார். 1812 ஜூன் 25 அன்று முதல் பந்தயம் நடந்தது.

மைதானத்தின் கோடியில் ஒரு கல் ஸ்தூபி நிற்கிறது. பிரெஞ்சு கவர்னர் மலார்த்திக்கின் கல்லறை. அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு வேலூர்க் கோட்டை ஞாபகம் வந்துவிட்டது.

ஏன் என்கிறீர்களா? 1798 ஜனவரியில் திப்பு சுல்தானின் தூதர்கள் இந்தத் தீவுக்கு வந்து உதவி கேட்டார்கள். காதும் காதும் வைத்தாற்போல் முடிய வேண்டிய காரியம். மலார்த்திக்கோ, ஆங்கிலேயரை விரட்டத் திப்பு காத்திருக்கிறார், தொண்டர்கள் சேரலாம் என்று ஊரறியப் பிரகடனம் ஒட்டிவிட்டார்! திரண்டவர்கள் சுமார் நூறு பேர். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான்.

அந்தக் காகிதம் கல்கத்தாவுக்கு எட்டியது. சண்டைக்குச் சாக்குத் தேடிய வெல்லெஸ்லி பிரபுவுக்கு வேறென்ன வேண்டும்? 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். அவர் குடும்பம் வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் அங்கே கிளர்ந்தெழுந்து ஒரே நாளில் ஒடுக்கப்பட்டார்கள். பிறகு திப்புவின் புதல்வர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

கவர்னருக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் கடலுக்கு இப்பால் இருந்தவர்கள். அவர் 1800-இல் மரியாதையோடு அடக்கமானார்.

1968 மார்ச் 12 அன்று மொரீஷியஸின் சுதந்திரக் கொடி ஏறியதும் இதே மைதானத்தில்தான். திப்பு விரும்பிய ஆங்கிலேயர் வெளியேற்றம், அவருக்கு உதவ முடியாதவரின் கல்லறைக்கு எதிரிலேயே ஒரு நாள் நடந்தது. வேலூரில் திப்பு குடும்பத்தாரின் சமாதிகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்; இந்தக் கதையின் மறுபாதி அங்கேதான் உறங்குகிறது.