கண்டி யானையும் நான்கு காலச் சட்டங்களும்

நான் கண்டியில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பெரஹரா பார்க்க வரும் சொந்தக்காரர்களைப் பகலில் தலதா மாளிகை வளவிலுள்ள ராஜா யானையின் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவேன். பாடம் செய்து நிறுத்தியிருக்கும் அந்தக் கொம்பனைப் பார்த்து எல்லாரும் கும்பிடுவார்கள். இது கண்டி மலையில் பிறந்ததல்ல, மட்டக்களப்புப் பக்கம் ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மான் தோலை முறுக்கிய கயிற்றுக் கண்ணியைக் காலில் மாட்டி யானை பிடிப்பதில் பேர்போனவர்கள் கிழக்கின் முஸ்லிம் பணிக்கர்கள். 1920களில் மாம்பிட்டிய திசாவை ராஜாவை வாங்கினார். 1937இல் அது மாளிகைக்குக் காணிக்கையாக வந்தது.

யானையை யார் பிடிக்கலாம், யார் கொல்லலாம் என்பதற்குக் கண்டியில் எப்போதும் ஒரு சட்டம் இருந்தது. ஆனால் அது யாருக்காக இருந்தது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

கண்டி அரசர் காலத்தில் யானை அரச சொத்து. கஜநாயக்க நிலமே என்ற அதிகாரியின் பொறுப்பில் யானைப் பந்தி இருந்தது. அரச உத்தரவில்லாமல் யானையைக் கொல்வது பெருங்குற்றம். போருக்கும் ஊர்வலத்துக்கும் மரண தண்டனைக்கும்கூட யானை வேண்டியிருந்ததால் வந்த காவல் அது.

1815 மார்ச்சில் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்களுக்கு யானை பயிரை அழிக்கும் பிராணி. அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்துக் கொல்லவைத்தது. அக்கால ஆங்கில அதிகாரி எமர்சன் டெனன்ட் தரும் கணக்கைப் பாருங்கள்: 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000. மேஜர் ரோஜர்ஸ் ஒருவரே 1,400க்கு மேல் சுட்டார் என்பார்கள். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

யானை குறையக் குறைய வேட்டைக்காரர்களுக்கே கவலை பிடித்தது. 1891இல் யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1894இல் வேட்டைப் பிரியர்களும் தோட்டத்துரைமாரும் சேர்ந்து வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். நாளைக்கும் சுட யானை வேண்டும் என்பதே அவர்களின் நியாயம். அந்தச் சங்கம்தான் இன்று காட்டுயிர்களுக்காக வாதாடும் சங்கமாக வளர்ந்திருக்கிறது.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதையெல்லாம் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே யாலவும் வில்பத்தும் தேசிய பூங்காக்கள் ஆயின. வனசீவராசிகள் திணைக்களம் 1949இல் உருவானது. ஆனாலும் பழைய பழக்கம் உடனே ஒழியவில்லை. கூட்டத்தையே கொட்டிலுக்குள் விரட்டிப் பிடிக்கும் கடைசிப் பெரிய யானைப்பிடி 1950இல் பனாமுறையில் நடந்தது. அங்கே ஒரு கொம்பனைச் சுட்டதால் ஊரே கொதித்தது.

என் அப்பாவின் கடை கட்டுகஸ்தோட்டையில் இருந்தது. பாலத்தடியில் மகாவலியில் யானைகளைப் படுக்கவைத்துத் தேங்காய் மட்டையால் தேய்ப்பார்கள். "இது யாருடைய யானை?" என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். யானை என்றால் வளவுக்காரரின் செல்வாக்கு.

1975இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழிப்பக்கம் பின்னவலையில் அநாதைக் குட்டிகளுக்குச் சரணாலயம் தொடங்கியது. ஆசிய யானையின் பன்னாட்டு வணிகத்தை சைட்டிஸ் உடன்படிக்கை தடுத்தது. இலங்கை 1979இல் அதில் சேர்ந்தது.  1986இல் ராஜா தேசிய பொக்கிஷம் எனப் பிரகடனமானது. 1988 ஜூலையில் இறந்தது.

இன்று வளர்ப்பு யானைக்குப் பதிவும் அனுமதிப்பத்திரமும் கட்டாயம். இருந்தும் காட்டுக் குட்டிகளைத் திருடிப் பொய்ப் பதிவில் சேர்த்த விவகாரங்கள் நீதிமன்றம்வரை போயின. இலங்கை ஆண் யானைகளில் தந்தமுள்ளவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பெரஹராவுக்குக் கொம்பன் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது.

2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 470க்கு மேல் மாண்டன. துப்பாக்கிச் சூடு, மின்சாரம், ரயில், வெடி வைத்த தீனி என்று காரணங்கள் பல. பிடிக்காதே, கொல்லாதே என்று ஏட்டில் எழுதியாகிவிட்டது. யானை நடந்துபோகும் காட்டுவழிகளுக்கும் அதே சட்டப் பலத்தைக் கொடுக்காதவரை, பெரஹராவில் அதைக் கும்பிடும் உரிமை நமக்கில்லை என்பதே என் கட்சி.