விசாவுக்காகக் காத்திருக்கும்போது ஊர் மாறுவது: முகவரி விஷயத்தில் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நமது தோல் தொழில் பகுதியில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும், வெளிநாட்டுப் பயணத்துக்கான ஏதோ ஒரு தாளை எதிர்பார்த்திருக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். கணவர் ரியாத்திலோ துபையிலோ இருப்பார். மனைவியின் பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வந்திருக்காது. அல்லது பாஸ்போர்ட் வந்து, விசா முடிவு வராமல் மாதங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

காத்திருக்கிறோம் என்பதற்காக வாழ்க்கை நின்றுவிடுவதில்லை. திருமணமான பெண் தந்தை வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போகிறாள். டேனரியில் வேலை குறைந்து ஒருவர் சென்னை பெரியமேட்டுக்கு மாறுகிறார். பிள்ளையின் கல்லூரிக்காகக் குடும்பமே பெங்களூர் போகிறது. வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். நாம் இடம் மாறிவிடுகிறோம். விண்ணப்பத்தில் எழுதிய முகவரி மட்டும் பழைய தெருவிலேயே நின்றுவிடுகிறது.

காத்திருக்கும் காலத்தில் ஊர் மாறுவதற்கு எந்தத் தடையும் இல்லை. மாறியதைச் சொல்லாமல் விடும்போதுதான் விண்ணப்பம் சிக்குகிறது. அதன் விலை சில மாதத் தாமதம் மட்டுமல்ல; கணவனும் மனைவியும் சேர்ந்து வாழும் நாளும், பிள்ளையின் பள்ளி ஆண்டும் அதோடு தள்ளிப்போகின்றன. எனவே ஒவ்வொரு கட்டத்திலும் செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

விண்ணப்பிக்கும் முன்: எந்த முகவரியைக் கொடுப்பது?

பாஸ்போர்ட் படிவம் கேட்பது தற்போதைய முகவரியை. சொந்த ஊர் எது, பூர்வீக வீடு எங்கே என்பதல்ல கேள்வி. இன்று எங்கே வசிக்கிறோம் என்பதே கேள்வி. போலீஸ் விசாரணை அந்த முகவரிக்குத்தான் போகும். பாஸ்போர்ட்டும் ஸ்பீட் போஸ்ட்டில் அங்கேதான் வரும்.

2018 ஜூன் முதல் நாட்டின் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம் என்ற வசதி வந்துவிட்டது. சென்னையில் வசிப்பவர் சொந்த ஊருக்கு வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் உள்ள சேவை மையங்களுக்குப் போகலாம்; வேலூர் அஞ்சலக மையத்துக்கும் வரலாம். எங்கே விண்ணப்பித்தாலும் விசாரணை நடப்பது படிவத்தில் உள்ள முகவரியில்தான்.

முகவரிச் சான்றில் நம் குடும்பங்கள் தடுமாறும் இடங்கள் நான்கு.

ஒன்று, வாடகை ஒப்பந்தம். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமே சான்றாகும். முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டது போதாது.

இரண்டு, கணவரின் பாஸ்போர்ட். அதில் மனைவியின் பெயர் இருந்தால் அதை மனைவிக்கு முகவரிச் சான்றாகக் காட்டலாம். ஆனால் கணவரின் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் மனைவியின் தற்போதைய முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். கணவரின் பாஸ்போர்ட்டில் ஆம்பூர் வீடு, மனைவி இப்போது இருப்பது சென்னையில் என்றால் அது உதவாது.

மூன்று, ஜமாஅத் கடிதம். திருமணத்துக்கும் உள்ளூர் விஷயங்களுக்கும் அது மதிப்புள்ளது. பாஸ்போர்ட் அலுவலகத்தின் முகவரிச் சான்றுப் பட்டியலில் அது இல்லை. ஆதார், வாக்காளர் அட்டை, மின் கட்டண ரசீது, சமையல் எரிவாயு இணைப்பு, புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புத்தகம் போன்றவையே பட்டியலில் உள்ளவை. வீடு மாறியதும் முதல் வேலையாக ஆதாரில் முகவரியை மாற்றிக்கொள்வது பின்னால் பல அலைச்சலைத் தவிர்க்கும்.

நான்கு, விடுதி மாணவர்கள். வெளியூரிலிருந்து வந்து கல்லூரி விடுதியில் தங்கியிருப்பவர் அந்த முகவரியில் விண்ணப்பிப்பதானால், கல்வி நிறுவனத் தலைவர் தரும் சான்று தேவை. படிப்பு முடிய இரண்டு மாதமே இருக்கிறது என்றால், ஊர் திரும்பிய பிறகு வீட்டு முகவரியில் விண்ணப்பிப்பதே நல்லது.

மாவட்டம் பிரிந்ததை மறக்க வேண்டாம்

2019 நவம்பர் 28 அன்று பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகச் செயல்படத் தொடங்கியது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா ஆகியவை ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளன. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருக்கின்றன. ஆனால் பலருடைய பழைய ஆவணங்களில் "வேலூர் மாவட்டம்" என்றே இருக்கிறது. அதைப் பார்த்து ஆம்பூர் முகவரிக்கு வேலூர் மாவட்டத்தைத் தேர்வு செய்தால், கோப்பு வேறு மாவட்டப் போலீசிடம் போய் நின்றுவிடும். படிவத்தில் மாவட்டம், காவல் நிலையம் இரண்டையும் இன்றைய நிலைப்படி தேர்வு செய்ய வேண்டும்.

விண்ணப்பித்த பிறகு ஊர் மாற வேண்டி வந்தால்

கட்டணம் கட்டி, நேர்காணல் நாளுக்காக மட்டும் காத்திருக்கும் கட்டம் என்றால் கவலை வேண்டாம். முதல் நேர்காணல் நாளிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று முறை தேதியை மாற்றிக்கொள்ளலாம். புது வீட்டில் குடியேறி, சான்றுகளைச் சரிசெய்துகொண்டு, பிறகு செல்லலாம். அவசரப்பட்டுப் பழைய முகவரியோடு மையத்துக்குப் போவதுதான் சிக்கலின் தொடக்கம்.

நேர்காணல் முடிந்து, போலீஸ் விசாரணை வர வேண்டிய கட்டத்தில் இருந்தால், முடிந்தவரை விசாரணை முடியும் வரை அந்த வீட்டிலேயே இருக்கப் பாருங்கள். முடியாது என்றால் விசாரணைக்கு முன்பே பாஸ்போர்ட் அலுவலகத்தை அணுகி, புது முகவரிச் சான்றுடன் மாற்றத்தைத் தெரிவியுங்கள். நமது மூன்று மாவட்டங்களும் சென்னை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகின்றன. அது அண்ணா சாலையில் உள்ளது. ஆம்பூரிலிருந்து சென்னைக்கு மாறினால் மண்டல அலுவலகம் மாறாது. விசாரிக்கும் போலீஸ் மட்டும் மாறும். பெங்களூர் போனால் மண்டலமும் மாறும்.

விசாரணைக்கு வந்தவர் வீடு பூட்டியிருப்பதையோ வேறு குடும்பம் இருப்பதையோ கண்டால், "இந்த முகவரியில் வசிக்கவில்லை" என்று அறிக்கை போகும். அப்போது விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டு, விளக்கம் கேட்கப்படும். பதில் சொல்லாமல் விட்டால் கோப்பு தேங்கிவிடும். கடிதம் வந்தவுடன் புது முகவரிச் சான்றுகளோடு நேரில் சென்று, நடந்ததை உள்ளபடி சொல்லி, மறு விசாரணை கோருவதே வழி. போலீஸ் விசாரணைக்கென்று தனிக் கட்டணம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது ஸ்பீட் போஸ்ட். பாஸ்போர்ட் உறையை விண்ணப்பதாரரிடம் மட்டுமே, அடையாளச் சான்றைப் பார்த்து, தபால்காரர் கொடுப்பார். பழைய தெருவில் இருக்கும் மச்சானோ பெரியம்மாவோ வாங்கி வைக்க முடியாது. ஆள் இல்லையென்றால் உறை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிவிடும்.

பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, விசா வரவில்லை

இந்தக் கட்டத்தில் வீடு மாறியவர்கள் பெரும்பாலும் கேட்பது: "பாஸ்போர்ட்டில் முகவரியை உடனே மாற்ற வேண்டுமா?"

முகவரியை மாற்றுவதென்றால் புது பாஸ்போர்ட்டே வாங்க வேண்டும். பழையதில் திருத்தி எழுதித் தரமாட்டார்கள். புதியதற்கு எண்ணும் புதியது. விசா விண்ணப்பம் பழைய எண்ணில் ஓடிக்கொண்டிருக்கும்போது எண் மாறினால், தூதரகத்துக்கோ ஸ்பான்சருக்கோ தெரிவித்து இணைக்க வேண்டிய வேலை கூடுகிறது. பழைய முகவரி இருப்பதால் மட்டும் பாஸ்போர்ட் செல்லாததாகிவிடாது. எனவே அவசியம் இல்லையென்றால், விசா முடிவு வரும் வரை பொறுத்திருக்கலாம். விசா விண்ணப்பத்தில் கொடுத்த தொடர்பு முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை மட்டும் உடனே புதுப்பித்துவிட வேண்டும்.

வேலை அல்லது நீண்டகாலத் தங்கலுக்கு நன்னடத்தைச் சான்றாகப் பி.சி.சி. கேட்பார்கள். கட்டணம் 500 ரூபாய். 2022 செப்டம்பர் 28 முதல் அஞ்சலக மையங்களிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். இதற்கும் தற்போதைய முகவரியில் போலீஸ் விசாரணை உண்டு. ஆகவே பி.சி.சி.க்கு விண்ணப்பித்த கையோடு வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் ஊர் மாறினால்

குடும்பத்துக்காக விண்ணப்பித்த கணவரோ மகனோ அங்கே நகரம் மாறுவதும் உண்டு. ஒவ்வொரு நாட்டின் நடைமுறையும் வேறு.

அமீரகத்தில் துபையின் விசாக்களை ஓர் அலுவலகமும், மற்ற எமிரேட்டுகளின் விசாக்களைக் கூட்டாட்சி அலுவலகமும் கவனிக்கின்றன. துபையிலிருந்து அபுதாபிக்கு வேலை மாறுபவர், மனைவி மக்களின் விண்ணப்பத்தை எந்த அலுவலகத்தில் தொடர்வது என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

அமெரிக்காவில் குடியுரிமை இல்லாதவர் வீடு மாறினால் 10 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. உறவினருக்குப் பொருளாதாரப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவர் 30 நாட்களுக்குள் தம் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அவர் குடிமகனாக இருந்தாலும் இது பொருந்தும். ஹெச்-1பி விசாவில் இருப்பவரின் பணியிடம் வேறு நகரப் பகுதிக்கு மாறினால், நிறுவனம் திருத்திய மனு போட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது 14 நாட்களோ அதற்கு மேலோ வேறு முகவரியில் தங்கப் போவதானால் சொல்ல வேண்டும். பிரிட்டனுக்குள் இருந்தபடி விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவர் ஊர் மாறலாம், தெரிவித்தால் போதும். ஆனால் முடிவு வரும் முன் விடுமுறைக்கு ஆம்பூர் வந்துவிட்டால், விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும்.

தெரிந்தவர் முகவரியைக் கொடுக்கலாமா?

"அண்ணன் வீட்டு முகவரியைப் போட்டுவிடலாம், விசாரணை அன்று மட்டும் வந்து இருந்துகொள்ளலாம்" என்ற யோசனை நம்மிடையே சகஜமாகிவிட்டது. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தெரிந்தே பொய்த் தகவல் தருபவருக்கு இரண்டாண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. உண்மையை மறைத்துப் பெற்ற பாஸ்போர்ட்டை 10ஆம் பிரிவின்கீழ் முடக்கவும் ரத்து செய்யவும் முடியும்.

மார்க்கத்தின் பார்வையில் இது இன்னும் கனமானது. விசாரணைக்கு வருபவர் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்பது வழக்கம். "ஆமாம், இங்கேதான் இருக்கிறார்" என்று நமக்காக ஒருவர் சொல்லும்போது, நம் வசதிக்காக அவரைப் பொய்ச் சாட்சியத்தில் நிறுத்துகிறோம். பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் ஒன்று என்பதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு அழுத்தமாக எச்சரித்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. ஹலாலான ரிஸ்கைத் தேடிப் புறப்படும் பயணத்தை இப்படித் தொடங்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். அண்ணன் வீட்டில் உண்மையாகவே குடியிருந்தால் அந்த முகவரியைத் தாராளமாகக் கொடுக்கலாம், அதில் தவறில்லை.

காத்திருக்கும் ஊரில் தொழுகை

விசா வேலையாகச் சென்னையில் தங்குபவர் கஸ்ரு தொழலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஆம்பூரிலிருந்து சென்னை, கஸ்ருக்குரிய தூரத்தைத் தாண்டியது. ஹனஃபி மத்ஹபின்படி ஒரே ஊரில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்கும் நிய்யத்து இருந்தால் முழுமையாகத் தொழ வேண்டும். "நாளை முடியும், நாளை மறுநாள் முடியும்" என்று உறுதியான நிய்யத்து இல்லாமலே நாட்கள் நீண்டால், அவர் முஸாஃபிராகவே இருக்கிறார். ஷாஃபிஈ மத்ஹபில் போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத்து வைத்தாலே முழுமையாகத் தொழ வேண்டும். எந்நாளும் முடியலாம் என்று எதிர்பார்க்கும் காரியமானால் 18 நாட்கள் வரை சலுகை உண்டு. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது இரு மத்ஹபிலும் நான்கு ரக்அத்தே.

விசா வரும் வரை மட்டும் என்று சென்னையில் வாடகை வீடு எடுத்து, சொந்த ஊரைச் சொந்த ஊராகவே வைத்திருப்பவர், ஆம்பூருக்கு இரண்டு நாள் வந்தாலும் இங்கே முழுமையாகவே தொழ வேண்டும். இங்கிருந்து குடும்பத்தோடு நிரந்தரமாகப் பெயர்ந்துவிட்டவரின் நிலை வேறு. அவரவர் விவரத்தை உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

ஜுமுஆவுக்குப் பிறகு மாதம் ஒருமுறை, படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் இருவர் பள்ளிவாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கணவர் வெளிநாட்டில் இருக்க, தனியாகத் தாள்களோடு அலையும் பெண்களுக்கும், எழுதப் படிக்கச் சிரமப்படும் தொழிலாளிகளுக்கும் அது பேருதவி. மாவட்டம், காவல் நிலையம், தற்போதைய முகவரி ஆகிய மூன்றையும் ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தாலே பல வீடுகளின் காத்திருப்பு குறையும்.

காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அல்லாஹ் காரியத்தை இலேசாக்குவானாக. ஆமீன்.