வேளாவின் கோடு

கோடு என்றால் இன்று ஸ்கேல் வைத்து இழுப்பது. பழந்தமிழில் அது யானைத் தந்தம், விலங்கின் கொம்பு, மரக்கிளை, மலைமுகடு, குளத்தின் கரை. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது வளைவு என்ற பொருள். நேராக இழுப்பதற்கே கோடு என்று பெயர் வந்துவிட்டதைப் பழையவர்கள் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

சுறாவுக்கும் கோடு உண்டு என்கிறது பட்டினப்பாலை. உவா (முழுநிலவு அல்லது மறைநிலவு) நாளில் கடலுக்குப் போகாத, காவிரிக் கழிமுகத்துப் புகார் நகரின் பரதவர் (மீனவர்), சினைப்பட்ட சுறா ஒன்றின் கோட்டை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வணங்குகிறார்கள். சுறாவுக்கு ஏது கொம்பு? வகுப்பில் இந்த இடம் வரும்போது மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. கோடு = கொம்பு என்று எழுதிக்கொண்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம்.

அந்தக் கேள்விக்கு விடை போல, இரு பக்கமும் பல் வரிசை வைத்த நீண்ட தட்டையான மூக்கோடு ஒரு மீன் நம் கடலில் உண்டு. கடற்கரையில் அதற்குப் பெயர் வேளா. அகராதியில் வாட்சுறா. பாடப்புத்தகத் தமிழில் ரம்ப மீன். வாள் என்பது நம்மிடம் போர்வாளும் ஆகும், மரம் அறுக்கும் ஈர்வாளும் ஆகும். அதனால் வாட்சுறா என்ற சொல்லில் ‘வாள்’ இந்த மீனுக்கு ஒட்டத் தைத்த சட்டை. ஆனால் சில செய்தித்தாள்கள் இதையே ‘வாள்மீன்’ என்று எழுதி, ஆழ்கடலில் திரியும் வேறொரு மீனோடு கலந்துவிடுகின்றன.

ஒட்டாதது ‘சுறா’தான். செவுள் பிளவுகள் சுறாவுக்குப் பக்கவாட்டில் இருக்கும்; திருக்கைக்கு அடிவயிற்றுப் பக்கம். வேளாவைப் புரட்டிப் பார்த்தால் பிளவுகள் அடியில் இருக்கின்றன. உடம்பு சுறா போல நீண்டிருந்தாலும் அது திருக்கைக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் கோடும் கொம்பு அல்ல, நீண்டுபோன மூக்கு. அதிலுள்ள ‘பற்கள்’ உண்மையில் உருமாறிய செதில்கள். ஆக, சுறாவும் இல்லை, கொம்பும் இல்லை, பல்லும் இல்லை. பெயர் வைத்தவர்களை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் மீனை வகைப்படுத்தவில்லை, பார்த்ததைச் சொன்னார்கள்.

வேளா என்ற பெயருக்கு வேர் தேடுவோருக்கு ஓர் ஆசைப் பொறி காத்திருக்கிறது. வேள் என்றால் காமன். காமனின் கொடியில் இருப்பது சுறா. இரண்டையும் முடிச்சுப் போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஒலி ஒத்துப்போவது மட்டும் வேர் ஆகாது என்பதால் நான் போடவில்லை.

பட்டினப்பாலையில் என்னை நிறுத்துவது கோட்டைவிடச் ‘சினை’ என்ற சொல். ஏன் சினைச் சுறா? வேளா முட்டையிடுவதில்லை, குட்டி போடும். தாயின் வயிற்றைக் கிழிக்காதபடி குட்டியின் ரம்பத்தை ஓர் உறை மூடியிருக்கும். பிறந்த பிறகு அது கழன்றுவிடும். குட்டிகள் வளர்வது ஆழமில்லாத, உப்பும் நன்னீரும் கலக்கும் இடங்களில்: கழிமுகம், அலையாத்திக் காடு, ஆற்றின் கீழ்ப்பகுதி. புகார் என்ற சொல்லே ஆறு கடலில் புகும் இடம் என்றுதான் பொருள்படும். (காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார் வேறு, அது இந்துஸ்தானியிலிருந்து வந்த விருந்தாளி.) பட்டினப்பாலையும் கோட்டு வழிபாட்டைச் சொன்ன கையோடு காவிரி கடலோடு கலக்கும் இடத்துக்குப் போகிறது. பரதவர் தீது போகக் கடலிலும் அழுக்குப் போக ஆற்றிலும் குளிக்கிறார்கள். சினை வேளா கரையோரம் ஒதுங்கும் இடத்திலேயே அதைப் பிடிப்பவனும் வாழ்ந்திருக்கிறான். இது என் ஊகம்தான். ஆனால் பட்டினப்பாலையைப் பாடிய உருத்திரங்கண்ணனார் அந்த அடைமொழியைச் சும்மா போட்டார் என்று நம்புவது எனக்கு அதைவிடக் கடினம்.

இன்று குட்டி வேளாக்கள் கூடும் கழிமுகங்களைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்றில், கழிமுகத்தில் பிறந்த குட்டிகள் உள்நாட்டு நன்னீர் மடுக்கள் வரை ஏறி, சில ஆண்டுகள் வளர்ந்து கடலுக்குத் திரும்புகின்றன. ஃபுளோரிடாவின் சார்லட் ஹார்பர் கழிமுகத்தையும் எவர்கிளேட்ஸ் கரையையும் வேளாக் குட்டிகளின் வளர்ப்பிடம் என்று அமெரிக்க அரசு 2009இல் வரையறுத்தது. இரண்டு இடங்களிலும் ஆற்று நீர் இன்னும் கடலைத் தொடுகிறது. பழைய புகாரான பூம்புகாரில் காவிரி வாய்க்கால் அகலத்தில் வந்து மணலோடு மல்லுக்கட்டுகிறது.

உலகில் வேளா 5 இனம். ஐந்துமே அழிவின் விளிம்பில் நிற்கின்றன. இந்தியாவில் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேளாக்கள் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே காப்பு. ஆனால் வலைக்குச் சட்டம் தெரியாது. வேறு மீனுக்கு விரித்த வலையிலும் வேளாவின் ரம்பம் சிக்கிக்கொள்ளும். திமிறத் திமிற நூல் பற்களில் இன்னும் சுற்றும். 6 மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய மீன், வீசினால் ஆளை வெட்டும் ரம்பம். படகில் இருப்பவன் வலையை அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோட்டை அறுக்க வேண்டும். வலைக்குப் பணம் போட்டவன் எதை அறுப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் கோடு அதன் முக்கியமான உணர்வுறுப்பு. கலங்கிய கழிமுக நீரில் மறைந்திருக்கும் மீனின் உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்சாரத்தை உணரும் நுண்துளைகள் அதில் நிறைந்திருக்கின்றன. இரையைக் கண்டுபிடிப்பதும் அதனால், அடித்து வீழ்த்துவதும் அதனால். கோடு போன வேளாவை உயிரோடு கடலில் விட்டாலும், அது பக்கத்தில் நீந்தும் மடவை மீனையும் பிடிக்க முடியாமல் மெலிந்துகொண்டே போகக்கூடும்.